வாடை புகாத அறை

சுவரில் மாட்டியிருந்த ஜெபமாலை ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்தபடியே லின்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஆணியில் தொங்குகிற எதுவும் ஆடத்தானே செய்யும். பிறகுதான் உறைத்தது, இந்த அறையில் காற்றே இல்லை என்று. புயல் கிளம்பி மின்சாரம் போனதிலிருந்து மின்விசிறி நின்று கிடந்தது. ஜன்னலை இழுத்து மூடி, இடுக்குகளில் பழைய வேட்டித் துணியைத் திரித்துச் செருகி, அதற்கு மேல் ஒரு கோரைப்பாயையும் தொங்கவிட்டிருந்தார்கள். கதவுக்கு அடியில் மடித்த கம்பளி. மேலே காற்றுப் போவதற்காக விட்ட ஓட்டையில் யூரியா சாக்கு. ஒரு கொசு வருவதற்குக்கூட வழியில்லாத அறையில் ஜெபமாலை எதற்கு ஆட வேண்டும்?

கண்ணை மூடித் திறந்தாள். ஜெபமாலை நின்றிருந்தது. இப்போது சுவர் லேசாக ஆடியது.

வெளியே பிற்பகல்தான். ஆனால் நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரை மழை முழுக்கப் போர்த்தி, பகலையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. தளத்தின் மேல் மழை விழும் சத்தம், அறுவடை மெஷின் ஒன்று தலைக்கு மேலேயே நின்று ஓடுவது போல, ஓயாமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். டிக். கொஞ்சம் விட்டு, டிக், டிக். கால்மாட்டில் இருந்த குமுட்டி அடுப்பில் கரி வெடிக்கிற சத்தம்தான் அது. தெரிந்திருந்தும், யாரோ இருட்டில் உட்கார்ந்து உச்சுக் கொட்டுவது போலவே ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கேட்டது. சாம்பிராணி, பூண்டு, தாய்ப்பால், காயாத துணி எல்லாம் சேர்ந்து ஒரு கனத்த வாசனை அறையில் தங்கிப்போயிருந்தது. மூச்சை இழுத்தால் வாசனைதான் வந்தது, மூச்சு வந்த மாதிரி இல்லை.

குமுட்டிக்கு அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து செபஸ்தியம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். லின்சியின் அப்பாவுக்கு அக்கா. லின்சிக்கு அம்மா இல்லை, அதனால் பேறுகாலம் பார்க்க அத்தைதான் வேதாரண்யத்துப் பக்கமிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். தன் துணிமணியை ஒரு மஞ்சள் பையில் அடக்கிவிட்டு, இன்னொரு கையில் கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீமைக்கருவேல மரத்துக் கரி. புகையாத கரியாக வேண்டும் என்று கடையில் ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்து, கடைக்காரனின் பொறுமையைச் சோதித்து வாங்கியது.

கரியை அப்படியே உள்ளே கொண்டுவரவும் மாட்டாள். கொல்லையில் இருக்கும் பழைய ஓட்டுச் சமையல்கட்டில் வைத்துப் பற்றவைத்து, விசிறி விசிறி, கரும்புகை முழுக்கப் போய்க் கங்கு செக்கச்செவேலென்று ஆன பிறகுதான் குமுட்டியைத் துணி பிடித்துத் தூக்கி வருவாள்.

"பச்சப்புள்ளைக்குப் புகை ஆவாதுல்ல. பாரு, கண்ணு கரிக்குதா? தொண்ட கமறுதா? ஒண்ணும் கெடையாது. அதான் நல்ல கரி" என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அத்தை வந்து உட்கார்ந்தால்தான் மற்றவர்களுக்கு நிம்மதி. ஓட்டு வீடு, கூரை வீடு என்று எத்தனையோ வீடுகளில், மழையிலும் பனியிலும், கட்டிலின் கால்மாட்டில் குமுட்டியை வைத்துத் தாயையும் பிள்ளையையும் தேற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் கையில் ஒரு குழந்தைக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

இது தளம் போட்ட வீடு. லின்சியின் அப்பா மிக்கேல்ராஜ் போன வருஷம்தான் கட்டி முடித்தார். வீடு பார்க்க வருகிறவர்களை அலுமினிய ஜன்னல் பக்கம் அழைத்துப் போய் நிறுத்தி, இழுத்துச் சாத்திக் காட்டி, "ஒரு பொட்டு தூசி வரட்டும் பாப்போம்" என்று சவால் விடாமல் அனுப்பமாட்டார். ஊரில் அதற்காக அவரைக் கேலி செய்தார்கள். இந்த மழையில் கேலி செய்தவர்களின் வீடெல்லாம் ஒழுகியது. மிக்கேல்ராஜ் வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

குழந்தை லின்சியின் பக்கத்தில் கிடந்தது. பெண் குழந்தை. எடை குறைவு, குளிரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தைக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. கோயிலைச் சுற்றி முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று சாமியார் தள்ளிப்போட்டுவிட்டார். ஆகவே பெயரும் இன்னும் வைக்கவில்லை. வெறும் பாப்பா. பெயர் வைக்காத குழந்தையை மழைக்காலத்தில் வைத்துக்கொண்டிருப்பது அத்தைக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. சும்மா சும்மா எழுந்து வந்து குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனாள்.

"தலை வலிக்குது அத்தை" என்றாள் லின்சி.

"எங்க?"

"ரெண்டு பொட்டுலயும். கயிறு போட்டு இறுக்குற மாதிரி."

அத்தை பூண்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். முகத்தில் பயம் தெரிந்தது. ஜன்னலோரமாகக் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியைக் காட்டினாள்.

"திரி அசையுதா பாரு. காத்து வரல. ஆனாலும் எங்கயோ ஒரு பொட்டு புகுந்திருக்கு, இல்லன்னா தலை வலிக்காது. பச்ச ஒடம்பு, சட்டுனு புடிச்சுக்கும். இரு, வேற கரி போட்டு எடுத்தாரேன்."

மெழுகுவர்த்தியின் சுடர் வரைந்து வைத்தது போல நேராக நின்றது.

*

போனில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்தது. டவர் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்த நேரத்தில் அவள் கணவன் ஜோசப்ராஜ் வீடியோவில் வந்தான். சிங்கப்பூரில் வேலை, குழந்தை பிறந்து இன்னும் நேரில் பார்க்கவில்லை. படம் நின்று நின்று நகர்ந்தது.

"நீ ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்றான்.

லின்சிக்கு மனதில் வந்த பதில் நாக்குக்கு வருவதற்குள் மறந்துபோயிற்று. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுப் போனைக் குழந்தை பக்கம் திருப்பினாள். கங்கின் வெளிச்சமும் போனின் வெளிச்சமும் சேர்ந்து குழந்தையின் கன்னத்தில் விழுந்தன.

"ஏய், நல்லா செவந்துட்டாளே! பொறந்தன்னிக்கு அனுப்புன போட்டோல கறுப்பா இருந்தா. எங்க அம்மா கலருக்கு வந்துட்டா."

அத்தை போனுக்குள் தலையை நீட்டினாள். "கண்ணு வைக்காதீங்க மாப்ள. இப்பதான் ஒடம்பு தேறி வருது. அழுவைகூட கொறஞ்சுபோச்சு. தூக்கம்தான்."

அவன் சிரித்தான். சிரித்த வாயோடு படம் உறைந்து நின்று, போன் அணைந்துபோயிற்று. கறுத்த கண்ணாடியில் லின்சியின் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. துவைத்துக் காயப்போட்ட புடவைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொடியில் தொங்கின. அவற்றின் அடியில் இருட்டு.

பிறகு அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருப்பதற்கே பெரிய முயற்சி தேவைப்பட்டது. அத்தையும் குழந்தையும் தானுமாக அறையில் மூன்று மூச்சு இருக்க வேண்டும். அவளுக்கு நான்காவது ஒன்று கேட்டது. மெதுவாக, நிதானமாக, வெப்பமாக ஒன்று. அது வெளியே விடுவதைத்தான் மற்ற மூன்று பேரும் உள்ளே இழுக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியவுடன் உடம்பு முழுக்க வியர்த்தது. காலை மடக்கப் பார்த்தாள். கால் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்தது போல, சொன்ன பேச்சைக் கேட்காமல் கிடந்தது.

"அத்தை."

"என்னம்மா?"

"இங்க யாரோ இருக்காங்க."

அத்தை அதைச் சிரித்துத் தள்ளவில்லை. அதுதான் லின்சியை இன்னும் பயமுறுத்தியது. போடி பைத்தியமே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அத்தை மெல்ல நகர்ந்து வந்து, குரலை இறக்கி, காதோரமாகக் கேட்டாள்.

"எங்க?"

லின்சி கையைத் தூக்க முயன்றாள். அந்த நேரம் பார்த்து அறைக் கதவு தடாலென்று திறந்தது. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு அப்பா நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று ஒரே அடியாக உள்ளே வந்து, புடவைகளைத் தூக்கி, மெழுகுவர்த்தியைப் படபடக்க வைத்து, லின்சியின் முகத்தில் மோதியது. மண் வாசனை. மழை வாசனை. அவள் வாயைத் திறந்து அதைக் குடித்தாள். கொடிக்கு அடியில் வெறும் மூலை. கால் நகர்ந்தது. நான்காவது மூச்சைக் காணவில்லை.

"அக்கா, தண்ணி பயிரு மேல ஏறி நிக்குது. வாய்க்கா பக்கம் வரப்பை வெட்டி விட்டாத்தான் வடியும். போய்ட்டு வந்துடுறேன்."

"சாத்துடா கதவ!" அத்தை கத்திய கத்தலில் மிக்கேல்ராஜ் ஓர் அடி பின்வாங்கினார். "அறிவு இருக்கா ஒனக்கு? வாடைக் காத்த கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறியே!"

"கொஞ்ச நேரம் தெறந்து இருக்கட்டுமே அத்தை" என்றாள் லின்சி.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பேறுகால அறையில் அக்கா சொல்வதுதான் சட்டம் என்று அப்பாவுக்குத் தெரியும். கதவை இழுத்தார். மழையில் மரம் உப்பிப்போய்த் தாழ்ப்பாள் ஓட்டையில் பொருந்தவில்லை. இறுக இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். வாசல் பக்கம் அவருடைய காலடி தண்ணீரில் சளக் சளக்கென்று போய்த் தேய்ந்தது.

அத்தை கம்பளியைக் கதவின் அடியில் பழையபடி திணித்தாள். பயத்தில், வெளியே போய்ப் பற்றவைக்காமலே, குமுட்டியில் இன்னும் ஒரு கை கரி அள்ளி வைத்தாள். அதன் மேல் சாம்பிராணித் தூளைத் தூவி, கொடிக்கு அடியில் கொண்டுபோய்க் காட்டினாள், மூலைக்கு மூலை காட்டினாள், உதடு மட்டும் அசைய ஜெபம் சொன்னாள். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். பேச்சு கொஞ்சம் குழறியது.

"எனக்கு மொதல்ல பொறந்தது ஒண்ணு இருந்துது. ஒங்க அப்பன் சொல்லியிருக்க மாட்டான். கூரை வீடு, மார்கழி மாசம். கொஞ்சம் கண்ணசந்துட்டேன். வாடை வந்து அடிச்சுட்டுப் போயிருக்கு. விடிஞ்சு எடுத்தா, கல்லாட்டம் சில்லுன்னு இருந்துது. ஒத்த சட்டி கங்கு இருந்திருந்தா என் புள்ள பொழச்சிருக்கும்."

லின்சிக்கு அழுகை வந்தது. இந்த அத்தை மேலா எரிச்சல் பட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. எடுத்து மாரில் வைத்தாள். உதட்டில் பால் பட்டு, வழிந்து, கழுத்தில் ஓடியது. குழந்தை சப்பவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள். முகத்தைச் சுருக்கியது. அவ்வளவுதான். ஒரு சிணுங்கல், பாதியில் நின்றது.

"அத்தை, பாப்பா குடிக்க மாட்டேங்குது."

"தூக்கக் கலக்கம். செத்த நேரம் விடு."

"இல்ல அத்தை. எனக்கு என்னமோ பண்ணுது. வாந்தி வருது. வெளியில போறேன்."

"இந்த மழையிலயா? பேசின்ல எடு, நான் கொட்டிக்கிறேன்."

"மூச்சு முட்டுது."

அத்தை அவளுடைய முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, மேற்கொண்டு தடுக்கவில்லை. "சரி, தலையில துணிய இறுக்கிக் கட்டிக்க. காதை மூடிக்க. பாத்ரூமுக்குப் போய்ட்டு ஒடனே வா" என்றாள். லின்சி குழந்தையையும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அத்தை இரண்டு கையையும் நீட்டினாள்.

"புள்ளைய குடு."

"தாவாரத்துலதான் நிக்கப் போறேன் அத்தை."

"பேரு வைக்காத புள்ள லின்சி. அடிக்கிற காத்து ஒனக்குத் தெரியாது. என்கிட்ட குடு. எறக்கி விடாம வச்சிருக்கேன்."

ஒரு கணம் இரண்டு பேருமே குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை வீடும் மார்கழியும் கல்லாகக் கிடந்த குழந்தையும் லின்சியின் தலைக்குள் வந்தன. வெளியே வாடை ஊளையிட்டது. உள்ளே எவ்வளவு கதகதப்பு. கொடுத்துவிட்டாள். கை காலியானதும், கனம் குறைந்தது போல ஒரு நிம்மதிகூட வந்தது.

அவள் வெளியே போனதும் அத்தை உள்ளிருந்து கதவை அழுத்தினாள். தாழ்ப்பாள் பொருந்தவில்லை. கொல்லைக் கதவு திறந்ததும் வீட்டுக்குள் புகுந்த காற்று அறைக் கதவைத் தள்ளியது. "நான் முட்டுக் குடுத்து உக்காந்துக்குறேன், நீ போ" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவோடு முதுகு சாய்கிற சத்தம். பிறகு, குழந்தையைத் தட்டிக்கொண்டே ஆராரோ என்று இழுக்கிற முனகல்.

*

கொல்லைத் தாவாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். சிசேரியன் தையல் இழுத்து உயிர் போனது. ஒன்றும் வரவில்லை, கசந்த தண்ணீர்தான். பாத்ரூம் வரைக்கும் நடக்கக் கால் இல்லை. தூணோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. குளிர்ந்தது. சுகமாக இருந்தது. ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் மாறியிருந்தது. பிற்பகலின் சாம்பல் நிறம் போய், அந்தியின் நீலம் வந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. புடவை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பற்கள் தந்தியடித்தன. தலைவலி அப்படியே இருந்தது, ஆனால் அதற்கு அடியில் புத்தி கொஞ்சம் தெளிந்திருந்தது. சேறு அடங்கிய தண்ணீர் மாதிரி.

எதிரே பழைய சமையல்கட்டு. காலையில் அத்தை மூட்டிய அடுப்பில் இன்னும் தணல் கிடந்தது போல. ஓடுகளின் இடுக்கு ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய நீலப் புகை கசிந்து, மழையில் அடிபட்டுக் கலைந்து போய்க்கொண்டிருந்தது. நூறு இடுக்கு. நூறு வழி. அந்தக் கட்டடமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. லின்சி சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள்.

சிமெண்டுச் சுவர். இழுத்து மூடிய ஜன்னல். சாக்கு அடைத்த ஓட்டை. நேற்றிலிருந்து அந்த அறைக்குள் கங்கு கனன்றுகொண்டிருக்கிறது. குமுட்டி குமுட்டியாக. வெளியே புகை ஓர் இழைகூட வரவில்லை.

அப்படியென்றால் அது எங்கே?

உள்ளேதான். கண் கரிக்காமல். தொண்டை கமறாமல். கரி கக்கிய நச்சுக்காற்று அத்தனையும் உள்ளேயே.

எழுந்தாள். விழுந்தாள். தூணைப் பிடித்து மறுபடி எழுந்தாள்.

"அத்தை!"

கூடம் இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டே போனாள். அறைக் கதவு. தள்ளினாள். ஒரு விரல் அளவு நகர்ந்து, மெத்தென்று எதிலோ முட்டி, திரும்ப வந்து மூடிக்கொண்டது.

"அத்தை, கதவத் தெறங்க. அத்தை!"

தோளைக் கொடுத்து முட்டினாள். மறுபடி அந்த மெத்தென்ற கனம். அத்தையின் முதுகு. கதவைக் கையால் அறைந்தாள். உள்ளே முனகல் இல்லை. ஆராரோ இல்லை.

டிக். டிக். டிக்.

முழு பலத்தோடு தள்ளினாள். அடிவயிற்றில் ஏதோ கிழிந்தது. சூடாகத் தொடையில் இறங்கியது. கதவு அசையவில்லை. அத்தை தடித்த உடம்புக்காரி. காற்று உள்ளே வரக்கூடாது என்று உட்கார்ந்தவள்.

"அப்பா! அப்பா!"

வாசலுக்கு ஓடினாள். தெரு முழுக்கத் தண்ணீர். வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாத ஒரே வெள்ளம். யாரும் இல்லை. அவளுடைய குரல் மழைக்குள் போய் விழுந்து கரைந்தது.

ஜன்னல். வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். சேற்றில் கால் புதைந்தது. கட்டடம் கட்டி மிச்சம் கிடந்த இரும்புக் கம்பி ஒன்று சுவரோரம் கிடந்தது. எடுத்தாள். ஜன்னலின் கிராதிக்குள் விட்டுக் குத்தினாள். கண்ணாடி விண்டது. மறுபடி. உடைந்தது. அப்பா பெருமைப்பட்ட கண்ணாடி, துண்டு துண்டாக உள்ளே விழுந்தது. கிராதிக்குள் கையை விட்டாள். கண்ணாடி முழங்கையைக் கீறியது. கோரைப்பாயைப் பிடித்து இழுத்தாள். வந்தது. முழுக்க வந்தது.

அவளைத் தாண்டிக்கொண்டு காற்று உள்ளே போயிற்று.

முதலில் மெழுகுவர்த்தி அணைந்தது. ஒரு நொடி ஒன்றுமே தெரியவில்லை. அறைக்குள்ளிருந்து வெப்பமான காற்று, வாசனையே இல்லாத ஒரு கனம், அவளுடைய முகத்தில் வந்து மோதிவிட்டுக் கடந்து போனது. பிறகு தரையில், குமுட்டியில், சாம்பல் பறந்து கங்கு கண் விழித்தது.

அந்தச் சிவப்பில் அவர்கள் தெரிந்தார்கள். கதவோடு சாய்ந்து, காலை நீட்டி, அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. குழந்தையின் மார்பின் மேல் அத்தையின் கை, தட்டிக்கொண்டிருந்தபடியே நின்றிருந்தது. கறுத்த முகக்காரி, வாழ்நாளெல்லாம் உப்புக் காற்றில் கறுத்தவள். இப்போது கன்னம் சிவந்திருந்தது, உதடு சிவந்திருந்தது, கல்யாணப் பெண்ணைப் போல. குழந்தையும் அதே சிவப்பு. அப்படி ஒரு நிறத்தில் அவள் தன் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு பேருடைய கண்களும் பாதி திறந்து குமுட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பாப்பா" என்றாள்.

கிராதியைப் பிடித்து உலுக்கினாள். சுவரில் புதைத்துக் கட்டிய இரும்பு. கையைத் தோள் வரைக்கும் உள்ளே நீட்டினாள். விரல்களுக்கு முன்னால் அறை முழுவதும் கிடந்தது.

காற்று ஓய்ந்தது. கங்கு சாம்பல் பூத்து மங்கியது. அந்த முகங்களும் மங்கி, இருட்டுக்குள் போயின.

திரும்பக் காற்று அடித்தது. கங்கு சிவந்தது. முகங்கள் சிவந்தன. நிழல் அசைந்ததில் குழந்தையின் மார்பு ஏறுவது போல இருந்தது. அத்தையின் உதடு அசைவது போல இருந்தது. ஓய்ந்தது. இருண்டது. இறங்கியது. மறுபடி அடித்தது. ஏறியது.

அவ்வளவு நேரம் மூச்சு விடாமல் இருந்த அறை, மெதுவாக, நிதானமாக, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. லின்சி கிராதியில் நெற்றியை வைத்து, கையை உள்ளே நீட்டியபடி, அடுத்த காற்றுக்காகக் காத்திருந்தாள்.